குடக்கூலி வீடும் கூரை வெப்பமும்



சித்திரை, வைகாசித் திங்களில் காரைக்கால் நகரத்தின் பிற்பகலை அறிந்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அரசலாற்றங்கரையிலும் கடற்கரைச் சாலையிலும் காற்று இனிமையாக வீசிக்கொண்டிருக்கும். அங்கிருந்து நான்கு தெருக்கள் தள்ளி ஒரு குடக்கூலி வீட்டினுள் நுழைந்தால், அடுப்பங்கரையில் நிற்பது போன்ற வெம்மை நம் முகத்தில் வந்து மோதும். வெளியில் வீசும் காற்று அவ்வீட்டிற்குள் வருவதில்லை; வெயிலின் வெப்பமோ கூரை வழியே தடையின்றி இறங்கிவிடுகின்றது. காற்றும் வெயிலும் எல்லாருக்கும் பொது. ஆனால் அவற்றுள் எது உள்ளே வரவேண்டும், எது வெளியே நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்பவர் வீட்டைக் கட்டியவரே அன்றி, அதில் குடியிருப்பவர் அல்லர்.

வரலாறு என்றவுடன் போர்களும் முடிசூட்டு விழாக்களும் நம் நினைவிற்கு வருகின்றன. கூரைக்கும் சாளரத்திற்கும் கூட வரலாறு உண்டு. வாடகைக்கு விடப்படும் வீடு குறைந்த அளவு எத்தகைய தகுதி உடையதாய் இருத்தல் வேண்டும்? அத்தகுதியைச் சட்டம் வரையறுக்கலாமா? வரையறுத்தால் அதன் செலவை ஏற்க வேண்டியவர் யார்? இவ்வினாக்கள் இருநூறு ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் எழுந்து வந்துள்ளன. இன்று அவை மின்சாரச் செலவோடும் பூமியின் வெப்ப உயர்வோடும் சேர்ந்து புதிய வடிவம் பெற்றிருக்கின்றன. இவ்வரலாற்றைக் காரைக்காலில் இருந்துகொண்டு நோக்குவதில் ஒரு தனிப் பயன் உண்டு. அஃது என்ன என்பதைப் போகப் போகக் காண்போம்.

முதலில் என் அனுபவம் ஒன்றைக் கூற இசைவு தாருங்கள். ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நான் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். கல்நார்த் தகடு வேய்ந்த கூரை. தெருப்பக்கம் மட்டும் ஒரு சிறு சாளரம். மாலை ஐந்து மணிக்கு மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், வியர்வைத் துளி விழுந்து மை கலைந்துவிடும். கூரையின் மேல் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் தணியும் என்று அறிவியல் ஆசிரியராகிய என் நண்பர் ஒருவர் கூறினார். வீட்டுக்காரரிடம் சென்று கேட்டேன். அவர் கெட்டவர் அல்லர். “வாத்தியார் ஐயா, உள்ளே இருப்பவர் நீங்கள், சுகம் உங்களுக்கு. செலவு மட்டும் எனக்கா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. முடிவில் சுண்ணாம்பின் விலை அவருடையது, அடிகூலி என்னுடையது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். வீடு ஓரளவு குளிர்ந்தது. அடுத்த ஆண்டு, வீடு முன்னைவிட நன்றாய் இருக்கின்றது என்று கூறி அவர் வாடகையை உயர்த்திவிட்டார்! அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது; சிறிது கோபமும் வந்தது. இன்று எண்ணிப் பார்க்கும்பொழுது, உலகப் பொருளியல் அறிஞர்கள் ஆராயும் ஒரு பெருஞ்சிக்கலின் முழு வடிவும் அந்தச் சுண்ணாம்பு வாளிக்குள் இருந்தது என்பது விளங்குகின்றது. செலவு செய்பவர் ஒருவர், பயன் பெறுபவர் மற்றொருவர் என்றால், இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். வீடு வெந்துகொண்டே இருக்கும்.

நம் முன்னோர் வீடு கட்டிய முறையைச் சிறிது நினைவு கூர்வோம். சாளரத்திற்குப் பழந்தமிழில் ‘காலதர்’ என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். காரைக்காலுக்கு வடக்கே இதே கடற்கரையில் இருந்த புகார் நகரத்து மாளிகைகளைப் பேசும் சிலப்பதிகாரத்தில் இச்சொல் பயில்கின்றது. இங்கே சாளரம் என்பது முதன்மையாகக் காற்றிற்கு உரியது என்னும் அறிவு அப்பெயரிலேயே பதிந்துள்ளது. காவிரிக் கழிமுகத்துப் பழைய வீடுகளில் திண்ணை சுவரை வெயிலினின்று காத்தது. நடு முற்றம் சூடான காற்றை மேலே போக்கிற்று. நாட்டு ஓடு வேய்ந்த சாய்ந்த கூரை இடுக்குகளின் வழியே மூச்சு விட்டது. மாடி வீடுகளில் மரச்சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டுக் கட்டிய ‘மெட்ராஸ் ஒட்டு’ என்னும் தளம் இருந்தது. அதன் கனமே அதன் குளிர்ச்சிக்குக் காரணம். பிற்காலத்தில் இடம் சுருங்கியது. ஒரே மனையில் பல குடித்தனங்கள் எழுந்தன. முற்றம் அறையாயிற்று; திண்ணை கடையாயிற்று. கல்நார்த் தகடும் மெல்லிய கற்காரைத் தளமும் கூரைகளாயின. விலை குறைவு, கட்டும் விரைவு ஆகியவையே அவற்றின் சிறப்பு. வெப்பத்தை ஏற்க வேண்டியவர் வாடகைக்கு வருபவர் ஆதலால், கட்டுபவர் அதைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை.

இனிச் சட்டத்தின் கதைக்கு வருவோம். காரைக்கால் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றியதும் உண்டு. நெப்போலியனுடைய போர்கள் முடிந்தபின் 1817இல் அது மீண்டும் பிரான்சிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1819ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளில் நடைமுறைக்கு அறிவிக்கப்பட்டன. இந்தியர்தம் வழக்கங்களும் மரபுகளும் மதிக்கப்படும் என்ற உறுதியும் உடன் அளிக்கப்பட்டது. அத்தொகுப்புகளுள் தலையாயது 1804ஆம் ஆண்டின் குடியியல் சட்டத் தொகுப்பாகும்.

அத்தொகுப்பின் 1719, 1720ஆம் பிரிவுகள் நம் பொருளுக்கு உரியவை. வாடகைக்கு விடுபவர் தம் வீட்டை எல்லாவகையிலும் பழுது நீக்கிய நிலையில் ஒப்படைத்தல் வேண்டும். வாடகைக் காலம் முழுவதும் வேண்டிய பழுதுபார்ப்புகளைச் செய்தும் வரவேண்டும் என்று அவை கூறுகின்றன. குடியிருப்பவர் பொறுப்பில் விடப்பட்டவை சிறு வேலைகளே. கதவின் கீல், தாழ், பூட்டு, சாளரக் கண்ணாடி போன்றவை அவை.

அதே காலத்தில் எல்லைக்கு அப்பால் இருந்த தஞ்சை மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் போக்கு வேறு. வீட்டுடைமையாளர் பழுது பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால்தான் அவருக்கு அப்பொறுப்பு உண்டு. ஒப்புக்கொண்டும் செய்யாவிடின், குடியிருப்பவர் தாமே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் எழுதாத பொறுப்பு அவர் மேல் ஏறாது. ஒரே கழிமுகம், ஒரே வெயில், ஒரே மொழி பேசும் மக்கள். ஆயினும் எல்லைக்கோட்டின் இருபுறத்தும் வாடகை வீட்டைப் பற்றிய கருத்து இரு வேறாக இருந்தது. ஒருபுறத்தில் வீடு என்பது தகுதியோடு ஒப்படைக்க வேண்டிய பொருள். மறுபுறத்தில் அது வாங்குபவர் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டிய சரக்கு. காரைக்காலிலிருந்து இவ்வரலாற்றை நோக்குவதில் தனிப் பயன் உண்டு என்று முன்னர்க் கூறியது இதனால்தான்.

பிரெஞ்சுச் சட்டம் என்றால் குறையற்றது என்று எண்ணிவிட வேண்டா. பிரான்சு நாட்டிலேயே 1798ஆம் ஆண்டு முதல் 1926ஆம் ஆண்டு வரை கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் வரி விதிக்கப்பட்டு வந்தது. எண்ணுவதற்கு எளிது என்பதால் அரசு அதைத் தேர்ந்தது. விளைவு என்ன? வரியைக் குறைக்க விரும்பிய உடைமையாளர் சாளரங்களைக் குறைத்தனர். இங்கிலாந்திலும் 1696 முதல் 1851 வரை சாளர வரி இருந்தது. அங்கே பல வீடுகளில் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். உள்ளே நோயும் இருளும் மிகுந்தன. வரி கட்டியவர் உடைமையாளர். இருளில் வாழ்ந்தவர் குடியிருப்பவர். நல்ல நோக்கமின்றி வகுக்கப்பட்ட விதி ஒன்று வீட்டின் காற்றையும் ஒளியையும் எவ்வாறு பறித்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வாடகை வீடுகளுக்கென்றே நல்ல நோக்கத்தோடு பிரான்சில் ஒரு சட்டம் 1850ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இயற்றப்பட்டது. உடைமையாளர் தாமே வாழும் வீட்டை அது தொடவில்லை. பிறர் குடியிருக்கும் வீடுகளையே குறித்தது. உடல் நலத்திற்குக் கேடான வீடுகளைப் பார்வையிட நகர மன்றங்கள் குழுக்களை அமைக்கலாம். குறைகளைத் திருத்துமாறு உடைமையாளருக்கு ஆணையிடலாம். இங்கே ‘லாம்’ என்ற ஈறு முதன்மையானது. குழு அமைப்பது கட்டாயம் அன்று. ஆகவே பாரிசு போன்ற சில நகரங்களைத் தவிர, பெரும்பாலான ஊர்களில் அச்சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டது.

இங்கிலாந்தில் 1885ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியில் சென்றது. குறைந்த வாடகை உள்ள வீடுகள் மனிதர் வாழத் தகுதி உடையனவாய் இருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் எழுதாமலே அடங்கிய நிபந்தனையாக அது ஆக்கிற்று. நல்ல கருத்து. ஆனால் எவ்வளவு வாடகை உள்ள வீட்டிற்கு இது பொருந்தும் என்ற வரம்பு 1957ஆம் ஆண்டு ஆண்டிற்கு 80 பவுன் என இலண்டனிலும், 52 பவுன் எனப் பிற இடங்களிலும் அமைந்தது. அதன்பின் அவ்வரம்பு உயரவே இல்லை. விலைவாசி ஏற ஏற, அவ்வரம்பிற்குள் அடங்கும் வீடே இல்லை என்ற நிலை வந்தது. சட்டம் நீக்கப்படவில்லை, ஆனால் செத்துப் போயிற்று. 2018ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டத்தின் மூலமே அவ்வரம்பு அகற்றப்பட்டது. விருப்பத்திற்கு விட்ட சட்டம் உறங்கும். காலத்தோடு திருத்தாத சட்டம் மடியும். இவ்விரு பாடங்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் என்ன நடந்தது? இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் வீடுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது, வாடகை ஏறிற்று. சென்னை மாகாணத்தில் போர்க்கால ஆணைகளைத் தொடர்ந்து 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. காரைக்கால் 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பின்னர் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக இங்கே நீட்டிக்கப்பட்டன. புதுச்சேரிக்கென வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது.

இச்சட்டங்கள் இரண்டு தீமைகளைத் தடுக்க முயன்றன. ஒன்று, அளவுக்கு மீறிய வாடகை. மற்றொன்று, காரணமின்றி வெளியேற்றுதல். ஏழை எளியவர்க்கு அவை பெருந்துணையாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆயினும் வாடகையைப் பற்றிப் பேசிய அளவிற்கு அவை வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வாடகை பல்லாண்டு உயராத இடங்களில் உடைமையாளர் பழுது பார்ப்பதையே கைவிட்டனர். பம்பாயில் 1940ஆம் ஆண்டு அளவிலேயே வாடகைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய வீடுகள் சிதைந்து இடியத் தொடங்கவே, 1969ஆம் ஆண்டில் பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு வாரியத்தை அங்கே சட்டம் செய்து அமைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2017ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் அட்டவணையில் கட்டடத்தின் பெரும்பழுதுகள், வெள்ளையடித்தல், மின்கம்பி அமைப்பு ஆகியவை உடைமையாளருக்கும், பூட்டும் சாளரக் கண்ணாடியும் போன்ற சிறு வேலைகள் குடியிருப்பவருக்கும் என்று பகுக்கப்பட்டுள்ளன. 1804ஆம் ஆண்டுப் பிரெஞ்சுத் தொகுப்பை நினைத்துப் பாருங்கள்! பூட்டும் கண்ணாடியும் மீண்டும் அதே இடத்திற்கு வந்து சேர்ந்துள்ளன.

இதுவரை கண்டது நலவாழ்வும் பழுதும் பற்றிய கதை. ஆற்றல் என்னும் சொல் இக்கதையில் நுழைந்தது 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை திடீரென உயர்ந்த பிறகு. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக வைக்க எரிபொருள் மிகுதியாக வேண்டும். சுவரும் கூரையும் வெப்பத்தைக் கசியவிட்டால் எரிபொருள் வீண். எனவே பிரான்சு 1974ஆம் ஆண்டில் புது வீடுகளுக்கு வெப்பக்காப்பு விதிகளை வகுத்தது. பழைய வீடுகள் அப்படியே இருந்தன. 2002ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், வீட்டை விற்கும்பொழுதும் வாடகைக்கு விடும்பொழுதும் அதன் ஆற்றல் நிலையைக் கூறும் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று நெறி வகுத்தது. வீடுகளுக்கு ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை, பள்ளிக்கூட மதிப்பெண் போன்ற தரவரிசை வந்தது.

மதிப்பெண் தருவது ஒன்று. தேர்ச்சி பெறாதவரைத் தடுப்பது மற்றொன்று. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2018 ஏப்ரல் 1 முதல், ‘ஈ’ தரத்திற்குக் கீழ்ப்பட்ட வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக்கூடாது என்றாயிற்று. 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் வீடுகளுக்கும் அவ்விதி விரிந்தது. உடைமையாளர் தம் கையிலிருந்து செலவிட வேண்டிய தொகைக்கு 3,500 பவுன் என்ற உச்சவரம்பும் அதில் வைக்கப்பட்டது. பிரான்சில், வாடகைக்கு விடும் வீடு ‘கண்ணியமான’ வீடாய் இருத்தல் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 2023 சனவரி முதல், ஆண்டிற்குச் சதுர மீட்டருக்கு 450 யூனிட்டுக்கு மேல் ஆற்றலை விழுங்கும் வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடுவது தடுக்கப்பட்டது. 2025 சனவரி முதல் ‘ஜி’ தர வீடுகள் முழுவதும் அவ்வரிசையில் சேர்ந்தன. 2028இல் ‘எஃப்’ தரமும் 2034இல் ‘ஈ’ தரமும் அவ்வாறே விலக்கப்படும் என்று சட்டம் நாள் குறித்துள்ளது. 450 யூனிட் என்பது எவ்வளவு? பத்தடிக்குப் பத்தடி அறை ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். அவ்வொரு அறைக்கே ஆண்டில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட யூனிட்! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதில் காரைக்காலுக்கு ஓர் உறவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சிறப்பாக 1861ஆம் ஆண்டு ஆங்கில–பிரெஞ்சு உடன்பாட்டிற்குப் பின், காரைக்கால் துறைமுகத்தின் வழியே நம் மக்கள் பலர் ஒப்பந்தக் கூலிகளாக ரெயூனியோன், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குச் சென்றனர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே பிரெஞ்சுக் குடிமக்களாக வாழ்கின்றனர். அத்தீவுகள் வெப்பமானவை, பாரிசின் குளிருக்கு வகுத்த அளவுகோல் அங்கே அப்படியே பொருந்தாது. ஆகவே அத்தீவுகளுக்குத் தனிக் கால அட்டவணை: ‘ஜி’ தர வீடுகளுக்கு 2028ஆம் ஆண்டும் ‘எஃப்’ தரத்திற்கு 2031ஆம் ஆண்டும் குறிக்கப்பட்டுள்ளன. காரைக்காலிலிருந்து கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் ரெயூனியோனில் வாடகைக்கு இருந்தால், அவன் வீட்டின் கூரையைப் பற்றிச் சட்டம் வினவும். கப்பலேறாமல் இங்கேயே தங்கியவரின் கொள்ளுப்பேரனுடைய கூரையைப் பற்றி எந்தச் சட்டம் வினவுகின்றது?

நம் நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்கீழ் எரிசக்தித் திறன் செயலகம் 2002 மார்ச்சில் அமைந்தது. குளிர்சாதனப் பெட்டியில் நீங்கள் காணும் நட்சத்திரங்கள் அதன் பணியே. பெருங்கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்தது. குடியிருப்பு வீடுகளுக்கான தொகுப்பு ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் 2018 டிசம்பர் 14ஆம் நாள் வெளியிடப்பட்டது. அத்தொகுப்பு நம் தட்பவெப்பத்தை உணர்ந்து எழுதப்பட்டது. சுவர் வழியாகவும் சாளரம் வழியாகவும் உள்ளே ஏறும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரி 15 வாட்டை மிஞ்சக்கூடாது. கூரை வழியே வெப்பம் கடக்கும் அளவெண் 1.2க்கு மேற்படக்கூடாது, காப்பு ஏதுமற்ற கற்காரைத் தளத்தில் இவ்வெண் ஏறத்தாழ மும்மடங்கு இருக்கும். காரைக்கால் போன்ற வெம்மையும் ஈரமும் மிக்க இடங்களில் திறக்கக்கூடிய சாளரப் பரப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு. ‘காலதர்’ என்ற சொல்லை வழங்கிய முன்னோர் இவ்விதியைக் கண்டால் மகிழ்ந்திருப்பர்.

ஆனால் யாருக்கு இவ்விதி? 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாக எழும் கட்டடங்களுக்கே அது வகுக்கப்பட்டது. அஃதாவது, 2,400 சதுர அடி மனைகள் இரண்டேகால். 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் குடியிருப்புக் கட்டடங்களையும் கட்டாய விதிக்குள் கொண்டுவர வழி செய்தது. அதுவும் 100 கிலோவாட் மின் இணைப்புச் சுமை உள்ள பெருங்கட்டடங்களுக்கே. ஒரு சாதாரணக் குடித்தனத்தின் சுமை அதில் நூற்றில் சில பங்கே. வாடகை வீடு என்ற சொல் அங்கே எழவில்லை. தெலங்கானா மாநிலம் 2023ஆம் ஆண்டில் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது; அங்கும் 600 சதுர கெஜத்திற்குக் குறைந்த வீட்டு மனைகளுக்கு அது விருப்பத்திற்கு விடப்பட்டது. மிகுதியாக வெப்பம் தாக்கும் சிறு வீடே விதியின் கைக்கு எட்டாமல் நிற்கின்றது.

இதனால் என்ன இழப்பு என்று கேட்பீர்கள். ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். புதிய சிக்கன வகை 30 வாட் அளவே கொள்ளும். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், ஆண்டிற்கு ஒரு விசிறியில் மட்டும் ஏறத்தாழ 197 யூனிட் வேறுபாடு. மின்விசிறிக்கும் நட்சத்திரக் குறி 2023 சனவரி முதல் கட்டாயமாயிற்று. எனினும் வீட்டுக்காரர் வாடகை வீட்டிற்கு விலை குறைந்த விசிறியையே வாங்கி மாட்டுவார். மின்கட்டணம் அவருடையது அன்றே! குடியிருப்பவரோ, நாளை காலி செய்யப்போகும் வீட்டிற்கு விலை மிகுந்த விசிறி வாங்கத் தயங்குவார். கூரைக்கும் இதே கதைதான். விசிறியையாவது கழற்றி எடுத்துச் செல்லலாம். கூரையில் பூசிய வெள்ளையை எடுத்துச் செல்ல முடியுமா? பணம் மட்டும் அன்று இழப்பு. வெந்த அறையில் இரவு உறக்கமின்றிப் புரண்ட மாணவன் காலையில் வகுப்பில் கண் சொருகுவதை நான் பல்லாண்டு கண்டிருக்கின்றேன். அவனைச் சோம்பேறி என்று கடிந்ததும் உண்டு. அவன் வீட்டுக் கூரையைப் பார்த்திருந்தால் அவ்வாறு கடிந்திருக்க மாட்டேன்.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். நம் ஊரில் வீட்டுடைமையாளர் எல்லாரும் செல்வர் அல்லர். பின்கட்டை வாடகைக்கு விட்டு அவ்வருவாயில் காலம் தள்ளும் முதியோரும் கைம்பெண்களும் பலர். கூரையை மாற்று, இன்றேல் வாடகைக்கு விடாதே என்று அவர்களுக்குத் திடீரென ஆணையிட்டால் என்ன நேரும்? செலவைத் தாங்காமல் வீட்டைப் பூட்டி வைப்பர். அல்லது செலவு முழுவதையும் வாடகையில் ஏற்றுவர். வீடுகள் குறைந்து வாடகை ஏறினால், யாரைக் காக்கச் சட்டம் எழுந்ததோ அவரே தெருவில் நிற்பார். இவ்வச்சம் பொய்யானது அன்று. பிரான்சிலும் இங்கிலாந்திலும் இதே வாதம் இன்றும் நடந்து வருகின்றது. ஆகவேதான் அங்கே செலவுக்கு உச்சவரம்பும், தரத்திற்குத் தரம் கால இடைவெளியும் வைத்தனர்.

நாம் கண்ட வரலாறு சில தெளிவுகளைத் தருகின்றது. விதி சிறு வீட்டையும் எட்ட வேண்டும். எட்டினால் அதன் கோரிக்கையும் சிறியதாய் இருக்க வேண்டும். குளிரூட்டும் எந்திரத்தைக் கேட்க வேண்டியதில்லை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சுடைய கூரை, எதிரெதிரே திறக்கும் இரு காலதர்கள், தீங்கற்ற மின்கம்பி அமைப்பு ஆகிய மூன்றையும் குறைந்த அளவுத் தகுதியாகக் கொள்ளலாம். 2018 நவம்பரில் கஜா புயல் நம் கடற்கரையில் தகடுகளைப் பிய்த்தெறிந்ததைக் கண்டவர்கள், கூரையின் உறுதியையும் இதனோடு சேர்த்துக் கேட்பர். செலவில் ஒரு பகுதியை அரசு எளிய கடனாகத் தரலாம். அதைப் பெற்றவர் சில ஆண்டுகள் அதன் பெயரால் வாடகையை உயர்த்தாதிருக்க இசையலாம். புதுச்சேரியில் 2014ஆம் ஆண்டில் எல்.இ.டி. விளக்குகள் மலிவு விலையில் வீடுதோறும் வழங்கப்பட்டன. பின்னர் நாடு முழுவதும் பரவிய திட்டத்திற்கு அது முன்னோடியாயிற்று. விளக்கிற்கு முன்னோடியாக இருந்த பகுதி கூரைக்கும் முன்னோடியாக இருத்தல் இயலாததன்று என்பது என் கருத்து. மாறாகக் கருதுவோர் தம் காரணங்களை எடுத்துரைக்கட்டும். அவ்விவாதமே இங்கு இன்னும் தொடங்கவில்லை.

முடிவாக, மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை தருகின்றேன். தலைமையாசிரியராய் இருந்தவனுக்கு அப்பழக்கம் எளிதில் போகாது. பள்ளியிலிருந்து ஒரு வெப்பமானியைக் கேட்டுப் பெறுங்கள். கோடையில் ஒரு வாரம், பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும், உங்கள் அறையிலும் வெளி நிழலிலும் உள்ள வெப்பத்தைக் குறித்து வையுங்கள். கூரை எத்தகையது, சாளரப் பரப்பு எவ்வளவு, வீடு சொந்தமா வாடகையா என்பவற்றையும் எழுதுங்கள். வகுப்பில் நாற்பது பேரும் செய்தால், உங்கள் ஊரின் கூரைகளைப் பற்றி இதுவரை ஒருவரும் எழுதாத ஓர் ஏடு உருவாகும். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பாரிசு நகரத்துக் குழுவினரும் வீடுகளைப் பார்வையிட்டே குறைகளை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தனர். அளந்து அறியாத குறையைச் சட்டம் நீக்கியதாக வரலாறு இல்லை. அளக்கும் வேலையை நீங்கள் தொடங்குங்கள்.